விலை எங்கிருந்து வருகிறது? சில்லறை புரோக்கரின் பிளாட்ஃபார்மும் அதன் பின்னால் இருக்கும் லிக்விடிட்டியும்

அன்னியச் செலாவணி வர்த்தகத்துக்கு ஒரு புரோக்கர் நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த பிளாட்ஃபார்ம் வாங்கலாம்? யாரிடம் ஸ்ப்ரெட், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, குறைவு? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நிறுவனம் நிலைப்பதும் சரிவதும் இந்த இரண்டுக்கும் நடுவே, வாடிக்கையாளர் கண்ணில் படாத ஓர் இடத்தில் முடிவாகிறது. வாடிக்கையாளர் வாங்கும் பொத்தானை அழுத்தியதும் அந்த ஆர்டர் எந்த வழியாகப் போகிறது, எதிர்ப்பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அவர்கள் மறுத்தால் என்ன நடக்கிறது, இடையில் இணைப்பு அறுந்தால் கணக்கு யார் தலையில் விடிகிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. குறைந்த ஸ்ப்ரெட்டை யார் வேண்டுமானாலும் திரையில் காட்டிவிடலாம். சந்தை கொந்தளிக்கும் பத்து நிமிடத்தில் அந்த விலை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் புரோக்கர் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் விலை பிறக்கும் இடத்தைப் பார்ப்போம்.

பங்குச் சந்தையில் ஒரு பங்குக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் உண்டு, எல்லா ஆர்டரும் வரிசையாக வந்து நிற்கும் ஓர் ஆர்டர் புத்தகம் உண்டு. அன்னியச் செலாவணியில் அப்படி ஒரு மையம் கிடையாது. பன்னாட்டுத் தீர்வு வங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கின்படி, 2022 ஏப்ரலில் இந்தச் சந்தையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. இவ்வளவு பெரிய தொகையும் வங்கிகளுக்கும், எக்ஸ்டிஎக்ஸ் மார்க்கெட்ஸ் போன்ற வங்கியல்லாத மார்க்கெட் மேக்கர்களுக்கும் (வாங்கவும் விற்கவும் தொடர்ந்து விலை சொல்லும் நிறுவனங்கள்), நிதியங்களுக்கும், நிறுவனங்களுக்கும் இடையே இருதரப்பு ஒப்பந்தங்களாகவே ஓடுகிறது. ஒருவர் மற்றவருக்கு விலை சொல்கிறார் என்றால், அவரோடு கடன் ஏற்பாடு இருக்கிறது என்று பொருள். அதாவது இந்தச் சந்தைக்குள் நுழைய டிக்கெட் என்பது பணம் மட்டுமில்லை, நம்பகத்தன்மையும்தான்.

அந்த நம்பகத்தன்மையைப் பெரிய வங்கிகள் கடனாகத் தருகின்றன. அதற்குப் பெயர் பிரைம் புரோக்கரேஜ். ஒரு பெரிய வங்கியின் பெயரில் நீங்கள் பல வங்கிகளோடு வர்த்தகம் செய்யலாம். எல்லா நிலைகளும் (இன்னும் மூடாத வர்த்தகங்கள்) அந்த ஒரே வங்கியில் வந்து சேரும், மார்ஜினும் (நஷ்டத்துக்கு ஈடாகக் கட்டும் முன்பணம்) ஒரே இடத்தில் கட்டினால் போதும். ஆனால் அந்த வங்கிகள் எதிர்பார்க்கும் மூலதனமும் வர்த்தக அளவும் புதிய சில்லறை புரோக்கருக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அதனால் நடுவே இன்னொரு அடுக்கு முளைத்தது. பிரைம் புரோக்கரிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு நடுத்தர நிறுவனம், அந்த வசதியைச் சிறிய புரோக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதை 'பிரைம் ஆஃப் பிரைம்' என்கிறார்கள். சிறிய புரோக்கர் அங்கே ஒரு மார்ஜின் கணக்கு திறந்து, முன்பணம் கட்டி, விலையையும் வர்த்தக வசதியையும் வாங்கிக்கொள்கிறார்.

ஆக, திரையில் தெரியும் ஒரு யூரோ-டாலர் விலை வங்கியில் கிளம்பி, பிரைம் புரோக்கரின் கடன் வரம்பில் தொங்கிக்கொண்டு, பிரைம் ஆஃப் பிரைம் வழியாக வந்து, புரோக்கர் தன் லாபத்துக்காகச் சேர்க்கும் சிறு தொகையோடுதான் வாடிக்கையாளரிடம் வருகிறது. ஒவ்வொரு கையும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கையும் கெட்ட நாளில் பின்வாங்கவும் செய்யும்.

பிளாட்ஃபார்ம் என்னும் வாசல்

சில்லறைச் சந்தையில் பிளாட்ஃபார்ம் என்றதும் பலர் மெட்டாட்ரேடரைத்தான் சொல்வார்கள். 2000-இல் தொடங்கிய மெட்டாகோட்ஸ் நிறுவனம் 2005-இல் மெட்டாட்ரேடர் 4-ஐ வெளியிட்டது, 2010-இல் மெட்டாட்ரேடர் 5 வந்தது. சிட்ரேடர் போன்ற மாற்றுகளும், சொந்தமாக எழுதிய பிளாட்ஃபார்ம்களும் உண்டு. ஆனாலும் வாடிக்கையாளர்கள் தங்கள் இண்டிகேட்டர்களையும் தானியங்கி நிரல்களையும் எழுதி வைத்திருப்பது மெட்டாட்ரேடருக்குத்தான். அதை விட்டு அவர்களை நகர்த்துவது சுலபமில்லை.

மெட்டாட்ரேடர் 4 பற்றி ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வாடிக்கையாளருக்கு எதிர்ப்பக்கத்தில் புரோக்கரே நிற்கும் காலத்தின் எண்ணத்தில் கட்டப்பட்ட சர்வர் அது. புரோக்கர் விலை சொல்வார், வாடிக்கையாளர் ஏற்பார், புரோக்கரின் சர்வரில் ஒரு டிக்கெட் பதிவாகும். அவ்வளவுதான். அந்த ஆர்டரை வெளியே பல வங்கிகளிடம் அனுப்பி, பகுதி பகுதியாக நிரப்பிக் கொண்டுவரும் வேலை அதன் அடிப்படை வடிவத்தில் இல்லை. பின்னாளில் வாடிக்கையாளர்கள் 'என் ஆர்டர் சந்தைக்குப் போகிறதா' என்று கேட்கத் தொடங்கியபோது, சர்வருக்கும் வெளிச்சந்தைக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அதுதான் பிரிட்ஜ். மெட்டாட்ரேடர் 5-இல் வெளி இணைப்புக்கான கேட்வே ஏற்பாடு, சந்தை ஆழம் (எந்த விலையில் எவ்வளவு கிடைக்கும் என்பது) காட்டும் வசதி, ஆர்டரை முழுதாக நிரப்பு அல்லது ரத்து செய் போன்ற விதிகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஆனாலும் பல லிக்விடிட்டி வழங்குநர்களிடமிருந்து, அதாவது விலை சொல்லி எதிர்ப்பக்கத்தில் நிற்கும் வங்கிகளிடமும் நிறுவனங்களிடமும் இருந்து, விலையைத் திரட்டுவதற்கும் ஆர்டரைப் பிரித்து அனுப்புவதற்கும் புரோக்கர்கள் இன்றும் ஒன்ஜீரோ, பிரைம்எக்ஸ்எம் போன்ற நிறுவனங்களின் தனி மென்பொருளைத்தான் நம்புகிறார்கள்.

ஒரே பிளாட்ஃபார்மைச் சார்ந்திருப்பதன் ஆபத்தை 2022 செப்டம்பர் காட்டியது. மெட்டாட்ரேடரின் இரண்டு செயலிகளையும் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கியது. 2023 மார்ச்சில்தான் அவை திரும்ப வந்தன. நடுவில் இருந்த மாதங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஐபோன் வாடிக்கையாளருக்குச் செயலியை இறக்கிக் கொடுக்க வழியில்லாமல் போனது. புரோக்கர் தன் பக்கத்தில் எந்தத் தவறும் செய்யவில்லை. இருந்தும் வாசல் மூடிக்கொண்டது.

பிரிட்ஜுக்குள் ஓடும் பேச்சு

பிரிட்ஜும் வழங்குநரும் பேசிக்கொள்ளும் மொழி ஃபிக்ஸ். 1992-இல் அமெரிக்க நிதி நிறுவனங்களான ஃபிடிலிட்டிக்கும் சாலமன் பிரதர்ஸுக்கும் இடையே பங்கு வர்த்தகத் தகவலைப் பரிமாற உருவான நெறிமுறை, பிறகு உலகம் முழுவதும் நிதிச் சந்தைகளின் பொதுமொழியாகிவிட்டது. பார்க்க மிக எளிமையானது. எண், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். 55 என்றால் எந்தக் கருவி (வர்த்தகமாகும் நாணய ஜோடி அல்லது பங்கு), 54 என்றால் வாங்கவா விற்கவா, 38 என்றால் எவ்வளவு, 44 என்றால் என்ன விலை. புதிய ஆர்டர் ஒன்று போகும், நிறைவேற்ற அறிக்கை ஒன்று திரும்பி வரும்.

பொதுவாக ஒரு வழங்குநரோடு இரண்டு தனி இணைப்புகள் இருக்கும். ஒன்று விலை வர, இன்னொன்று ஆர்டர் போக. இந்தப் பிரிவினை சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒருங்கிணைப்பு வேலையில் வரும் தலைவலிகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. விலை இணைப்பு உயிரோடு இருந்து ஆர்டர் இணைப்பு மட்டும் இறந்துவிட்டால், திரையில் விலை அழகாக ஓடிக்கொண்டிருக்கும், ஒரு ஆர்டரும் நிறைவேறாது. ஒன்று இறந்தால் மற்றொன்றின் விலையையும் உடனே எடுத்துவிட வேண்டும் என்ற விதி பிரிட்ஜில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஃபிக்ஸில் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. 1041-க்கு அடுத்து 1043 வந்தால், 1042 எங்கே என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த 1042 ஒரு நிறைவேற்ற அறிக்கையாக இருந்துவிட்டால் யோசித்துப் பாருங்கள். வழங்குநரின் கணக்கில் பத்து லட்சம் யூரோ வாங்கியாகிவிட்டது. புரோக்கரின் பிரிட்ஜுக்கு அது தெரியாது, நேரம் கடந்துவிட்டது என்று கருதி வாடிக்கையாளருக்கு 'ஆர்டர் மறுக்கப்பட்டது' என்று சொல்லிவிடுகிறது. இப்போது யாருடைய கணக்கிலும் சேராத ஒரு நிலை நடுவில் தொங்குகிறது. சந்தை அசைய அசைய அதன் லாபமோ நஷ்டமோ புரோக்கருடையது.

ஓர் ஆர்டரைக் கூடவே போய்ப் பார்ப்போம்

ஒரு வாடிக்கையாளர் 30 லாட் யூரோ-டாலர் வாங்குகிறார். ஒரு லாட் 1,00,000 யூரோ, ஆக மொத்தம் 30 லட்சம் யூரோ. பிரிட்ஜ் மூன்று வழங்குநர்களின் விற்பனை விலையை அடுக்கி வைத்திருக்கிறது. முதலாமவர் 1.08501-இல் 10 லட்சம், இரண்டாமவர் 1.08503-இல் 10 லட்சம், மூன்றாமவர் 1.08506-இல் 20 லட்சம். திரையில் வாடிக்கையாளர் பார்ப்பது 1.08501-ஐ மட்டும்தான். அந்த விலையில் 10 லட்சத்துக்கு மேல் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், மூன்று பேரிடமும் 10 லட்சம் வீதம் எடுத்து, சராசரி 1.085033-இல் ஆர்டர் நிரம்பும். சரி, இரண்டாமவர் மறுத்துவிட்டால்? இந்தச் சந்தையில் அதற்கு இடமுண்டு. 'லாஸ்ட் லுக்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. விலை சொன்னவர், ஆர்டர் கையில் வந்தபிறகு சில மில்லிசெகண்டோ அதற்கும் கூடுதலாகவோ வைத்திருந்து, ஏற்கலாம் அல்லது தள்ளலாம். நூறு மில்லிசெகண்ட் வைத்திருந்து தள்ளினார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் மூன்றாமவரின் விலை 1.08512-க்கு ஏறிவிட்டது. மீதி 10 லட்சத்தை அங்கே வாங்கினால் சராசரி 1.085063. வித்தியாசம் 90 டாலர். ஒரே ஆர்டரில், ஒரே ஒரு மறுப்பால் வந்த செலவு இது. விளம்பரத்தில் காட்டிய ஸ்ப்ரெட்டில் இது எங்கும் தெரியாது.

லாஸ்ட் லுக்கை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரே வங்கி நூறு இடங்களில் விலை சொல்லும்போது, பழைய விலையைப் பிடித்து அடிக்கும் வேகமான நிரல்களிடமிருந்து தப்ப அதற்கு ஒரு கவசம் தேவை. அந்தக் கவசத்தை வைத்து வாடிக்கையாளரை அடித்தால்தான் பிரச்சினை. 2015 நவம்பரில் நியூயார்க் மாகாண நிதிச்சேவைத் துறை பார்க்லேஸ் வங்கிக்கு 15 கோடி டாலர் அபராதம் விதித்தது இந்த லாஸ்ட் லுக் முறைகேட்டுக்காகத்தான். 2017-இல் வந்த உலக அன்னியச் செலாவணி நெறிமுறையின் 17-ஆம் கோட்பாடு, லாஸ்ட் லுக் வைத்திருப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. எனவே புரோக்கர் வழங்குநரிடம் கேட்க வேண்டியது மிக நேரடியானது: எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள், விலை எனக்குச் சாதகமாக நகர்ந்தாலும் தள்ளுவீர்களா, உங்களுக்குச் சாதகமாக நகர்ந்தால் அந்த லாபத்தை எனக்குத் தருவீர்களா.

வழங்குநர்களும் புரோக்கரை அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஆர்டர் நிறைவேறிய ஒரு விநாடி கழித்து, ஐந்து விநாடி கழித்து, முப்பது விநாடி கழித்து விலை எங்கே போனது என்று பார்க்கிறார்கள். ஒரு புரோக்கரிடமிருந்து வரும் ஆர்டர்களுக்குப் பிறகு விலை எப்போதும் வழங்குநருக்கு எதிராகவே நகர்கிறது என்றால், அந்த ஓட்டத்தை 'நச்சு' என்பார்கள். முதலில் ஸ்ப்ரெட் மெல்ல விரியும். அப்புறம் மறுப்புகள் கூடும். கடைசியில் ஒரு மின்னஞ்சல் வரும். செய்தி வெளியாகும் நொடியில் மட்டும் அடிக்கும் நான்கைந்து வாடிக்கையாளர்களால் மற்ற ஆயிரம் பேரின் விலையும் கெட்டுப்போகும் நிலை இது. அனுபவமுள்ள புரோக்கர் வாடிக்கையாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் அதற்குப் பொருந்தும் வழங்குநர் தொகுப்பிடம் அனுப்புவது இதனால்தான்.

இன்னொரு மாயையையும் சொல்லியாக வேண்டும். மூன்று பிரைம் ஆஃப் பிரைம்களோடு இணைந்தால் மும்மடங்கு ஆழம் கிடைத்துவிட்டதாக ஒரு திருப்தி வரும். மூவரும் பின்னால் ஒரே வங்கியின் விலையைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றால், குடம் மூன்று, கிணறு ஒன்று. ஒரு குடத்தில் மொண்டதும் மற்ற இரண்டிலும் நீர்மட்டம் இறங்கிவிடும். திரையில் 60 லட்சம் தெரியும், உண்மையில் கிடைப்பது 20 லட்சம். விலை மாறும் நேரங்களை மில்லிசெகண்ட் அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாருடைய விலை யாருடைய நிழல் என்று தெரிந்துவிடும்.

2015 ஜனவரி 15

ஏ-புக், பி-புக் என்று இந்தத் தொழிலில் இரண்டு சொற்கள் உண்டு. வாடிக்கையாளர் ஆர்டரை அப்படியே வெளியே அனுப்புவது ஏ-புக். புரோக்கரே எதிர்ப்பக்கத்தில் நின்று தன் கணக்கில் வைத்துக்கொள்வது பி-புக். பி-புக் என்றாலே ஏமாற்று என்று பலர் நினைக்கிறார்கள். 0.01 லாட் அளவுள்ள ஆயிரம் சின்ன ஆர்டர்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும்போது, அவற்றை ஒவ்வொன்றாக வெளியே அனுப்புவதில் அர்த்தமில்லை. எஞ்சிய நிகர நிலையை மட்டும் ஹெட்ஜ் செய்வது, அதாவது வெளியே எதிர் வர்த்தகம் செய்து ஈடுகட்டுவது, நியாயமான வழிதான். ஆனால் செய்வதைச் சொல்ல வேண்டும். தன்னிடம் டீலிங் டெஸ்க்கே (வாடிக்கையாளருக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் பிரிவு) இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டு, தன்னோடு தொடர்புள்ள ஒரு மார்க்கெட் மேக்கரிடம் ஆர்டர்களை அனுப்பியதற்காக 2017 பிப்ரவரியில் எஃப்எக்ஸ்சிஎம் என்ற சில்லறை புரோக்கர் நிறுவனத்துக்கு அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 70 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்த நிறுவனம் அமெரிக்கச் சில்லறைச் சந்தையை விட்டே வெளியேற நேர்ந்தது.

ஏ-புக் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை 2015 ஜனவரி 15 உடைத்தது. ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்குக்குக் கீழே விடமாட்டோம் என்று சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டம்பரில் அறிவித்திருந்தது. அன்று காலை அந்த வரம்பை முன்னறிவிப்பின்றி எடுத்துவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போனது. இடையில் வாங்குபவர் இல்லை. 1.19-இல் ஸ்டாப்-லாஸ் (விலை அங்கே வந்ததும் நஷ்டத்தோடு தானாக மூடும் ஆர்டர்) வைத்திருந்தவருக்கு 1.19-இல் நிறைவேற்ற ஒருவரும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் 2,000 பிராங்க் கட்டி, 60 மடங்கு லிவரேஜில், அதாவது கட்டிய பணத்தைப்போல் 60 மடங்கு மதிப்புக்கு, ஒரு லாட் யூரோ வாங்கி வைத்திருக்கிறார். 1.20-இலிருந்து 1.00-க்கு விழுந்தால் நஷ்டம் 20,000 பிராங்க். ஆர்டரை வெளியே அனுப்பியிருந்த புரோக்கர் வழங்குநருக்கு அந்த 20,000-ஐயும் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளரிடம் இருப்பது 2,000. மீதி 18,000 புரோக்கரின் மூலதனத்திலிருந்து போகும். இப்படி ஆயிரக்கணக்கான கணக்குகள். எஃப்எக்ஸ்சிஎம் வாடிக்கையாளர்களின் எதிர்மறை இருப்பு சுமார் 22.5 கோடி டாலருக்குப் போனது. லுகாடியா நிறுவனம் கொடுத்த 30 கோடி டாலர் கடனில்தான் அது பிழைத்தது. பிரிட்டனில் அல்பாரி யூகே என்ற புரோக்கர் மறுநாளே திவால் அறிவித்தது. ஆர்டர்களை வெளியே அனுப்பியவர்களையும் அந்த நாள் இப்படித் தாக்கியது.

அதன் பிறகு பிரைம் புரோக்கர்கள் கூடுதல் மார்ஜின் கேட்டார்கள், சிறிய வாடிக்கையாளர்களைக் கைவிட்டார்கள், பிரைம் ஆஃப் பிரைம் அடுக்கு அதனால் இன்னும் பெருத்தது. 2018-இல் ஐரோப்பியப் பங்கு மற்றும் சந்தைகள் ஆணையம் சில்லறை வாடிக்கையாளருக்கு முக்கிய நாணய ஜோடிகளில் லிவரேஜை 30 மடங்கோடு நிறுத்தியது. கணக்கு எதிர்மறைக்குப் போனால் அந்தக் கடனை வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது என்றும் விதித்தது. வாடிக்கையாளருக்கு மிக நல்ல விதி அது. ஆனால் அந்த 18,000 மறைந்துவிடவில்லை, சட்டப்படியே புரோக்கர் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. எனவே லிவரேஜை ஒரு விற்பனைக் கவர்ச்சியாகப் பார்க்கும் புரோக்கர், ஒவ்வொரு கருவியிலும் விலை தாவினால் தன் மூலதனம் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நேரமும் ஒரு காரணி. 2016 அக்டோபர் 7 அன்று ஆசியச் சந்தையின் அதிகாலையில் பவுண்ட் டாலருக்கு எதிராகச் சில நிமிடங்களில் சுமார் 9 சதவீதம் விழுந்து, பெருமளவு மீண்டது. லண்டன் தூங்கும் வேளை, நியூயார்க் மூடிய வேளை. லண்டன் பகலில் விலை வாங்கிச் சோதித்துவிட்டு ஒப்பந்தம் போடுபவர்கள் இந்த வேளையின் ஆழத்தைப் பார்ப்பதே இல்லை.

தூரமும் சர்வரும்

கண்ணாடி இழையில் ஒளி 200 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மில்லிசெகண்ட் எடுக்கும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சுமார் 5,570 கிலோமீட்டர். போய்த் திரும்ப 56 மில்லிசெகண்டுக்குக் குறைய வழியே இல்லை. வர்த்தக சர்வர் ஒரு கண்டத்திலும் வழங்குநர் மறு கண்டத்திலும் இருந்தால், ஒவ்வொரு ஆர்டரும் பழைய விலையைப் பிடித்துக்கொண்டு போய் மறுப்பை வாங்கிக்கொண்டு திரும்பும். அதனால்தான் லண்டனை ஒட்டிய ஸ்லவ்வில் உள்ள ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் எல்டி4, நியூ ஜெர்சியின் என்ஒய்4 ஆகிய தரவு மையங்களில் புரோக்கர், பிரிட்ஜ், வழங்குநர் எல்லோரும் பக்கத்து பக்கத்து அறைகளில் சர்வர் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரின் வீட்டுக்கும் சர்வருக்கும் உள்ள தூரத்தைவிட, சர்வருக்கும் வழங்குநருக்கும் உள்ள தூரம்தான் முக்கியம்.

நாள் முடியும்போது

இந்தச் சந்தையின் நாள் நியூயார்க் மாலை 5 மணிக்கு முடிகிறது. திறந்திருக்கும் நிலைகளுக்கு வட்டி வித்தியாசம் ஏறும் நேரம் அது. தீர்வு இரண்டு வேலை நாள் தள்ளி என்பதால் புதன்கிழமை மூன்று நாள் வட்டி ஒரே நாளில் ஏறும். அந்தச் சில நிமிடங்களில் ஸ்ப்ரெட் விரியும், சில வழங்குநர்கள் விலையையே எடுத்துவிடுவார்கள்.

அப்போது புரோக்கரின் பின்னறையில் மூன்று பட்டியல்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. பிளாட்ஃபார்மில் வாடிக்கையாளர்களின் மொத்த நிலை, பிரிட்ஜ் வெளியே அனுப்பியதாகச் சொல்லும் நிலை, வழங்குநர் அனுப்பிய அறிக்கையில் உள்ள நிலை. உள்ளேயே வைத்துக்கொண்டதைக் கழித்தபிறகு மூன்றும் கடைசி யூனிட் வரை பொருந்த வேண்டும். ஒரு நாள் 1,000 யூரோ, அதாவது 0.01 லாட், இடிக்கிறது. தொகை சின்னது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். அன்றே பார்க்கிறவர் ஃபிக்ஸ் பதிவைத் திறந்து, காலையில் இணைப்பு அறுந்து மீண்ட அந்த இரண்டு விநாடிக்குப் போய், 1041-க்கும் 1043-க்கும் நடுவில் ஒரு நிறைவேற்ற அறிக்கை விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறார். அதை வழங்குநரிடம் காட்டி, நிலையை மூடி, மறுமுறை இணைப்பு மீளும்போது விடுபட்டதைக் கேட்டு வாங்கும் அமைப்பை பிரிட்ஜில் சரிசெய்துவிட்டு, அடுத்த நாளின் விலைக்காகச் சந்தையைத் திறக்கிறார்.